கம்பெனிச் சேதி முதலில் எங்கே வரும்?

மாதம் பிறந்ததும் சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்ட் ஒரு சின்னத் தாளை இணையத்தில் ஏற்றும். போன மாதம் எத்தனை கனரக லாரி, எத்தனை பஸ், எத்தனை சிறிய சரக்கு வண்டி விற்றது, சென்ற ஆண்டு இதே மாதத்தில் எவ்வளவு, கூடியதா குறைந்ததா? அவ்வளவுதான் அதில் இருக்கும். டிவிஎஸ் மோட்டார், ராயல் என்ஃபீல்டு தயாரிக்கும் ஐஷர், மாருதி என்று வாகனக் கம்பெனிகள் எல்லாமே இப்படி மாதாமாதம் கணக்குச் சொல்கின்றன. மும்பையில் பல ஆயிரம் கோடி ரூபாய் நிதியைக் கையாளும் மேலாளரும் அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். திருப்பூரில் பத்துப் பங்கு வைத்திருப்பவரும் அதே நேரத்தில், காசு செலவில்லாமல் பார்க்கலாம்.

ஆனால் பெரும்பாலும் பார்ப்பதில்லை. டெலிகிராம் குழுவில் யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைத்தான் பார்க்கிறார். புதிதாகப் பங்கு வாங்கத் தொடங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கம்பெனி நேரடியாகப் பேசும் இடங்கள் சில இருக்கின்றன, எல்லாமே இலவசம். அவை எவை, எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிட்டால், பாதி வதந்திகளை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

முதலில் பங்குச் சந்தைக்கு

பங்குச் சந்தையில் பட்டியலாகியிருக்கும் கம்பெனி, விலையை அசைக்கக்கூடிய எந்தச் செய்தியையும் முதலில் சொல்ல வேண்டிய இடம் பங்குச் சந்தை. டிவி பேட்டியும் கம்பெனியின் சொந்த இணையதளமும் அதற்கு அப்புறம்தான். பிஎஸ்இ, என்எஸ்இ என்ற இரண்டு பங்குச் சந்தைகளின் தளங்களிலும் கம்பெனி அறிவிப்புகளுக்கென்று தனிப் பக்கம் உண்டு. பெயரைத் தட்டினால் போதும். பிஎஸ்இ தளத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கிறது: அசோக் லேலண்டுக்கு 500477, டைட்டனுக்கு 500114. அறிவிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பதுகூட அங்கே பதிவாகியிருக்கும்.

இப்படி ஒரு வரிசை வைத்ததற்குக் காரணம் எளிமையானது. சேதி ஒருவருக்கு முன்னால் தெரிந்து, இன்னொருவருக்குப் பின்னால் தெரிந்தால், முன்னவர் பின்னவரிடம் பங்கைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதைத் தடுக்கத்தான் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி 2015-இல் பட்டியல் கம்பெனிகளுக்கான வெளிப்படுத்தல் விதிகளைக் கொண்டுவந்தது. 2023-இல் அவற்றை இன்னும் இறுக்கியது. இயக்குநர் குழு கூடி ஒரு முடிவு எடுத்தால், கூட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்குள்ளேயே நடந்த மற்ற முக்கிய நிகழ்வுகளுக்கு 12 மணி நேரம். வெளியிலிருந்து வந்தவை, உதாரணமாக வரித்துறை உத்தரவு போன்றவை என்றால், 24 மணி நேரம். கூட்டம் சந்தை மூடிய பிறகு முடிந்தால் 30 நிமிடத்துக்குப் பதிலாக மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள்.

இந்த வழியாக எவ்வளவு பெரிய சேதியும் வரலாம் என்பதற்கு சத்யம் என்ற ஐடி கம்பெனி ஒரு சாட்சி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நகல் செபிக்கும் பங்குச் சந்தைகளுக்கும் போனது. வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பாகத்துக்கு மேல் கரைந்தது. அந்த நிறுவனம் பல ஆண்டுகளாக அழகான ஆண்டறிக்கைகளும் வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆக, அறிவிப்புப் பக்கம் சீக்கிரம் சேதி சொல்லும். சொல்வது உண்மைதானா என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

சரி, அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன இருக்கும்? முதல் முறை பார்ப்பவர் மிரண்டுபோவார். பங்குப் பத்திரம் தொலைந்துபோனதற்கு ஓர் அறிவிப்பு, பத்திரிகை விளம்பரத்தின் நகல் ஒன்று, ஏதோ ஒரு விதிப்படியான சான்றிதழ் என்று வரிசையாக பிடிஎஃப் கோப்புகள் கிடக்கும். இவற்றைத் தைரியமாகத் தாண்டிப் போகலாம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் எல்லாக் கம்பெனிகளும் ‘டிரேடிங் விண்டோ’ மூடப்படுகிறது என்று அறிவிக்கும். ஏதோ விபரீதம் என்று நினைத்துவிட வேண்டாம். காலாண்டுக் கணக்கு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, உள் விவரம் தெரிந்த இயக்குநர்களும் ஊழியர்களும் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது என்ற வழக்கமான தடைதான் அது.

நின்று படிக்க வேண்டியவை வேறு. தணிக்கையாளர் ராஜினாமா செய்தால், அவர் சொன்ன விரிவான காரணத்தைக் கம்பெனி அப்படியே சந்தைக்குத் தர வேண்டும். ‘வேலைப்பளு’, ‘கட்டணம் ஒத்துவரவில்லை’ என்று ஒரு வரியில் முடிந்திருந்தாலும் படியுங்கள். ‘கேட்ட விவரங்கள் கிடைக்கவில்லை’ என்று இருந்தால் இரண்டு முறை படியுங்கள். தலைமை நிதி அதிகாரி விலகுவது, கடன் தரமதிப்பீடு இறங்குவது, முதலாளி குடும்பம் தன் பங்கை அடகு வைப்பது எல்லாம் இதே ரகம். இந்த மாதிரிக் கோப்புகள் வெள்ளிக்கிழமை ராத்திரி, சந்தை மூடி யாரும் கவனிக்காத நேரத்தில் வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே ஆண்டறிக்கையைச் சனிக்கிழமை காலையில் வெளியிடுவது வழக்கம். அதுவும் விடுமுறை நாள்தான். ஆனால் சந்தை திறப்பதற்குள் எல்லாரும் நிதானமாகப் படித்துவிடட்டும் என்பதற்காகச் செய்வது அது. அந்தக் கம்பெனியின் இணையதளம் இன்றைக்கும் படமோ பளபளப்போ இல்லாமல் வெறும் எழுத்தும் சுட்டிகளுமாகத்தான் இருக்கிறது.

வதந்திக்கும் இப்போது ஒரு விதி வந்திருக்கிறது. ‘இந்தக் கம்பெனியை அந்தக் கம்பெனி வாங்கப்போகிறதாம்’ என்று முக்கிய ஊடகங்களில் செய்தி வந்து, விலையும் கணிசமாக அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் ஆமாம், இல்லை அல்லது விளக்கம் என ஏதாவது ஒன்றைக் கம்பெனி சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 1 முதல் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்கும், அந்த டிசம்பர் முதல் 250 கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். சின்னக் கம்பெனிகளுக்கு இது இல்லை. வதந்தி அதிகம் சுற்றுவதோ அங்கேதான்.

கம்பெனியின் சொந்த வீடு

கம்பெனியின் இணையதளத்தில் ‘இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ்’ அல்லது ‘இன்வெஸ்டர்ஸ்’ என்ற பகுதி இருக்கும். இது விளம்பரத்துக்காக வைத்தது மட்டுமல்ல. என்னென்ன அங்கே இருக்க வேண்டும் என்று விதியே பட்டியல் போட்டிருக்கிறது: கணக்கு முடிவுகள், யார் கையில் எத்தனை சதவீதப் பங்கு, இயக்குநர்கள் விவரம், ஆண்டறிக்கை, புகார் அனுப்ப மின்னஞ்சல் முகவரி இப்படி. பத்திரிகையில் காலாண்டுக் கணக்கு விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பதிவு அலுவலகம் சென்னையில் இருந்தால் தமிழ் நாளிதழிலும் வரும். அதில் இப்போது ஒரு கியூஆர் குறியீடும் இருக்கிறது. போனை அதன்மேல் பிடித்தால் முழுக் கணக்கு இருக்கும் பக்கத்துக்கே கொண்டுபோய்விடும். திறக்கும் பக்கம் என்னவோ ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த பெரிய கம்பெனிகள்கூட முதலீட்டாளரோடு தமிழில் பேச முன்வராதது எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

ஆண்டறிக்கை பல நூறு பக்கம். முன்பாதியில் சிரித்த முகங்களும் சூரிய உதயமும் வரும். தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் பின்பாதிக்குப் போய், முதலாளியின் மற்ற கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கலையும், வழக்குகளால் வரக்கூடிய சாத்தியக் கடன்களையும் தேடுங்கள். பிடிஎஃப்-இல் தேடும் வசதி இருக்கிறதே, அது போதும். இன்ஃபோசிஸ், விப்ரோ, எச்டிஎஃப்சி பேங்க் போல அமெரிக்கச் சந்தையிலும் பட்டியலாகியிருக்கும் கம்பெனிகளுக்கு இன்னொரு வாசல் உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எட்கர் என்ற தளத்தில் அவை ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் அறிக்கையில், தொழிலில் என்னென்ன ஆபத்து வரலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். வக்கீல் பயத்தில் எழுதியதுதான், ஆனால் படிப்பவருக்கு நல்லது.

கான்கால்: எனக்குப் பிடித்த இடம்

காலாண்டுக் கணக்கு வந்த அன்றோ மறுநாளோ கம்பெனி நிர்வாகிகள் ஒரு தொலைபேசிக் கூட்டம் நடத்துவார்கள். சந்தை வட்டாரத்தில் இதற்குக் கான்கால் என்று பெயர். எப்போது நடக்கும், எந்த எண்ணில் சேரலாம் என்பது இரண்டு வேலை நாளுக்கு முன்பாவது அறிவிப்புப் பக்கத்தில் வந்துவிடும். பெரும்பாலான கான்கால்களில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து கேட்கலாம்.

நடப்பது இப்படி. இணைப்பாளர் வரவேற்று, எல்லா இணைப்புகளும் இப்போது கேட்க மட்டும்தான், கேள்வி கேட்க நட்சத்திரக் குறியையும் ஒன்றையும் அழுத்துங்கள் என்பார். நிர்வாக இயக்குநரோ நிதி அதிகாரியோ எழுதிவைத்ததைப் பத்து இருபது நிமிடம் படிப்பார். அப்புறம் கேள்வி நேரம். பரஸ்பர நிதிகள், தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வரிசையில் வருவார்கள். ‘நல்ல ரிசல்ட், வாழ்த்துகள் சார்’ என்று தொடங்குவது அங்கே ஒரு மரபு. ரிசல்ட் சுமாராக இருந்தாலும் வாழ்த்து வந்துவிடும்.

நேரலையில் உட்கார முடியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒலிப்பதிவை அடுத்த வர்த்தக நாளுக்கு முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ, இதில் எது முந்தியதோ அதற்குள் தளத்தில் ஏற்ற வேண்டும். பேச்சின் எழுத்து வடிவம் ஐந்து வேலை நாளில் வர வேண்டும். கம்பெனியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கோப்பைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்த எழுத்து வடிவத்தைப் படியுங்கள். அதிலும் கேள்விப் பகுதியை முதலில் படியுங்கள்.

ஏன் என்றால், தொடக்க உரை கம்பெனி சொல்ல விரும்பியது. கேள்விப் பகுதியில் கம்பெனி தவிர்க்க விரும்பியதும் வந்துவிடும். ஒரே விஷயத்தை மூன்று ஆய்வாளர்கள் மூன்று விதமாகக் கேட்டிருந்தால், முதல் இரண்டு பேருக்கும் நேரான பதில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ‘அந்த எண் இப்போது கைவசம் இல்லை, தனியாகத் தொடர்புகொள்ளுங்கள்’ என்ற பதில் அடிக்கடி வரும். எனக்கு அது உறுத்தும். எல்லாரும் கேட்கும் இடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் ஏன் ஒருவருக்கு மட்டும் தனியாகப் போக வேண்டும்?

இன்னொரு பழக்கம்: இந்தக் காலாண்டின் எழுத்து வடிவத்தோடு, ஓர் ஆண்டுக்கு முந்தையதையும் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஆலை ‘மார்ச்சுக்குள் ஓடத் தொடங்கும்’ என்று அப்போது சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ‘அடுத்த நிதியாண்டின் முதல் பாதியில்’ என்கிறார்கள். தாமதம் எல்லாத் தொழிலிலும் வரும். தாமதம் என்று வாய்விட்டுச் சொன்னார்களா, காரணம் சொன்னார்களா, இல்லை புதுத் தேதியை மட்டும் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்களா என்பதைப் பாருங்கள். நாலைந்து காலாண்டு இப்படிப் படித்தால் அந்த நிர்வாகத்தின் சுபாவம் பிடிபட்டுவிடும்.

எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். இந்த ஆண்டு வருவாய் இத்தனை சதவீதத்திலிருந்து இத்தனை சதவீதம்வரை வளரும் என்று இன்ஃபோசிஸ் ஒரு கணிப்பு தரும். அதே தொழிலில் இருக்கும் டிசிஎஸ் அப்படி எண் சொல்வதில்லை. இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதான்.

கான்காலோடு ஒரு படக்காட்சிக் கோப்பும் வரும். வண்ண வண்ணப் பட்டைகள், மேலே போகும் அம்புகள். பார்க்கலாம், ஆனால் கடைசியில் பாருங்கள். பட்டை வரைபடம் சுழியத்திலிருந்து தொடங்குகிறதா? போன காலாண்டோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, போன ஆண்டின் இதே காலாண்டோடா? எது சாதகமோ அதை எடுத்து முன்னால் வைப்பது மனித இயல்பு. நகை, துணி விற்கும் கம்பெனிகளில் இன்னும் கவனம் வேண்டும். 2024-இல் நவராத்திரி அக்டோபரில் தொடங்கியது, 2025-இல் செப்டம்பர் 22-லேயே தொடங்கிவிட்டது. பண்டிகை வியாபாரம் ஒரு காலாண்டிலிருந்து முந்தைய காலாண்டுக்கு நகர்ந்தால், ஒன்றில் அமோக வளர்ச்சியும் மற்றதில் சரிவும் தெரியும். கடையில் வந்த கூட்டமோ அதேதான்.

ட்வீட்டும் முகநூலும்

இங்கேதான் வேடிக்கை அதிகம். 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தன் முகநூலில், ஜூன் மாதத்தில் பார்வை நேரம் முதல்முறையாக நூறு கோடி மணி நேரத்தைத் தாண்டியது என்று எழுதினார். வேறெங்கும் கம்பெனி அதை முறைப்படி சொல்லவில்லை. பங்கு விலை ஏறியது. எல்லா முதலீட்டாளருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2000-லிருந்தே இருக்கிறது. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இரண்டு லட்சம் பேர் இருக்கலாம், ஆனால் அது எல்லாரும் ஆகிவிடுமா என்று ஆணையம் விசாரித்தது. கடைசியில் நடவடிக்கை எடுக்கவில்லை. 2013 ஏப்ரலில் ஒரு விளக்கம் மட்டும் தந்தது: எந்தச் சமூக ஊடகத்தில் சேதி வரும் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

டெஸ்லா அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் சேதிக்கு ஈலான் மஸ்கின் ட்விட்டர் கணக்கையும் பாருங்கள் என்று அறிவித்தது. 2018 ஆகஸ்ட் 7 அன்று மஸ்க், பங்கு ஒன்றுக்கு 420 டாலர் விலையில் கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிட யோசிக்கிறேன், பணம் தயார் என்று ட்வீட் போட்டார். பணம் அப்படி உறுதியாகத் தயாராக இல்லை என்று ஆணையம் வழக்குப் போட்டது. சமரசத்தில் அவருக்கு 2 கோடி டாலர், கம்பெனிக்கு 2 கோடி டாலர் அபராதம். இயக்குநர் குழுத் தலைவர் பதவியையும் அவர் விட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. சமூக ஊடகத்தில் எழுதலாம், ஆனால் பங்குச் சந்தைக்குச் சொன்ன பிறகு. இங்கே தலைவலி வேறு பக்கத்திலிருந்து வந்தது. சில கம்பெனிகளின் காலாண்டு எண்கள் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் உலவியதாக 2017-இல் செய்தி வந்து, செபி விசாரணை நடத்தியது. வெளிவராத விவரம் யார் யாருக்குத் தெரியும் என்று கம்பெனிகள் பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

இப்போதைய ஆபத்து போலி வீடியோ. என்எஸ்இ நிர்வாக இயக்குநர் ஆஷிஷ்குமார் சவுகானும், பிஎஸ்இ நிர்வாக இயக்குநர் சுந்தரராமன் ராமமூர்த்தியும் பங்கு பரிந்துரை செய்வதுபோல் செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோக்கள் 2024-இல் பரவின. இரண்டு சந்தைகளுமே எச்சரிக்கை விட வேண்டியதாகிவிட்டது. தெரிந்த முகம், தெரிந்த குரல் என்பதெல்லாம் இனி சாட்சி ஆகாது. அந்தச் சேதி அறிவிப்புப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்தே ஓட்டு

முன்பெல்லாம் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் சபா மண்டபம், காபி, கையில் இனிப்புக் காரப் பொட்டலம். 2020-இல் கொரோனா வந்ததும் கூட்டங்கள் வீடியோவுக்கு மாறின. பலவும் இன்றும் அப்படித்தான் நடக்கின்றன. கடலூரில் இருந்துகொண்டு மும்பைக் கம்பெனியின் கூட்டத்தைக் கேட்க முடிவது லாபம். பேச வேண்டுமானால் முன்பதிவு வேண்டும், நேரமும் குறைவு, மைக் அவர்கள் கையில். முகத்துக்கு நேரே எழுந்து கேள்வி கேட்பதில் இருந்த சூடு இதில் இல்லை.

ஓட்டு மட்டும் நிஜமான பலம். கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், நம் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில் குறைந்தது மூன்று நாள் மின்னணு வாக்குப்பதிவு திறந்திருக்கும். 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் கூட்டத்தில், நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் சேர்ந்த தீர்மானம் தேவையான 75 சதவீத ஆதரவு கிடைக்காமல் தோற்றது. சம்பள உச்சவரம்பைக் குறைத்துத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பகுதி நிதி நிறுவனங்கள்தான், சின்ன முதலீட்டாளர்கள் அல்ல. ஆனால் ஓட்டுப் போடும் பக்கம் இருவருக்கும் ஒன்றுதான்.

கேட்க ஏதாவது இருந்தால் கம்பெனிக்கே எழுதலாம். முதலீட்டாளர் பகுதியில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பெயரும் கேள்வியும் போதும், இத்தனை பங்கு இருந்தால்தான் எழுதலாம் என்று கிடையாது. பல கம்பெனிகள் சில நாளில் பதில் போடுகின்றன. டிவிடெண்டு வரவில்லை, பங்கு மாற்றம் நடக்கவில்லை போன்ற குறைக்குப் பதிலே இல்லாவிட்டால், செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். 21 நாளுக்குள் கம்பெனி என்ன செய்தது என்று சொல்லியாக வேண்டும். கம்பெனிக்கு முதலில் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள், புகாரோடு அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.